நரிப்பயறு: ஒரு பெயரும் மூன்று செடிகளும்

நரிப்பயறு என்பது தமிழகத்துச் சமவெளிகளில் வயல் வரப்பு, ஏரிக்கரை, சாலையோரம், நெல் அறுத்த தரிசு ஆகிய இடங்களில் தரையோடு படர்ந்து வளரும் ஒரு சிறு கொடியாகும். இது பயறுக் குடும்பமாகிய ஃபேபேசியைச் சேர்ந்தது. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் நெருங்கிய உறவு. பெரும்பாலும் ஓராண்டுச் செடி. மழைக்குப் பின் முளைத்து, மஞ்சள் பூ பூத்து, காய் வெடித்து, கோடையில் காய்ந்துவிடும். தாவரவியலில் இதன் இன்றைய பெயர் விக்னா டிரைலோபேட்டா. ஆனால் 'நரிப்பயறு' என்ற தமிழ்ப்பெயர் இந்த ஒரு செடியோடு நிற்பதில்லை. இடத்துக்கு இடம், நூலுக்கு நூல் அது வெவ்வேறு செடிகளைக் குறிக்கிறது. இந்தக் குழப்பம் எப்படி வந்தது, தாவரவியலார் அதை எப்படித் தீர்த்தனர், நாம் ஒரு செடியைக் கையில் எடுத்தால் எப்படிப் பிரித்தறிவது என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

கட்டுரை எழுதக் காரணம்

ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் பென்னலூர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதி இது. இன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்பூங்காக்கள் சூழ்ந்திருக்கின்றன. என்னிடம் படித்து, இப்போது இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் மாணவர் ஒருவர், பென்னலூர்ச் சாலையோரத்தில் பார்த்த ஒரு கொடியைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன செடி, சார்?" என்று கேட்டார். "நரிப்பயறு" என்று உடனே பதில் எழுதினேன். சிறிது நேரத்தில் மறுபடியும் கேட்டார்: "எந்த நரிப்பயறு, சார்? தேடிப் பார்த்தால் இரண்டு அறிவியல் பெயர் வருகிறதே!"

அந்தக் கேள்வி என்னைப் பழைய தவறு ஒன்றுக்கு அழைத்துச் சென்றது. பணியில் இருந்த காலத்தில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதே கொடியை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர்ச்சீட்டு எழுதி வைத்தேன். கையில் இருந்த ஒரு நூலில் 'நரிப்பயறு' என்ற பெயருக்கு எதிரே கண்ட அறிவியல் பெயரை அப்படியே எடுத்து எழுதினேன். அது வேறொரு செடியின் பெயர். இலையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் இலையைப் பார்க்கவில்லை; பெயரைத்தான் பார்த்தேன். அந்த அட்டையைப் பார்த்துப் பல ஆண்டுகள் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஆசிரியர் எழுதிய தவறு ஒரு சீட்டோடு முடிவதில்லை என்பதை ஓய்வு பெற்ற பிறகே உணர்ந்தேன்.

பெயரில் உள்ள நரி

தமிழில் செடிகளுக்குப் பெயரிடும்போது, வீட்டுப் பயிரைப் போலவே தோன்றும் காட்டுச் செடிக்கு விலங்கின் பெயரையோ பேயின் பெயரையோ முன்னொட்டாகச் சேர்ப்பது வழக்கம். நரிவெங்காயம், நாய்க்கடுகு, பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை ஆகியவை இவ்வாறு அமைந்தவை. இவற்றில் பின்னால் வரும் சொல் செடி எதைப் போன்றது என்பதையும், முன்னால் வரும் சொல் அது மனிதர் விதைத்தது ஆகாது என்பதையும் சொல்கின்றன. நரிப்பயறு என்றால் பயறு போன்றது, ஆனால் வயலுக்கு வெளியே தானாக விளைவது என்று பொருள் கொள்ளலாம்.

தெலுங்கில் இதே செடியைப் 'பில்லிபெசரா' என்பர். பில்லி என்றால் பூனை. பெசரா என்றால் பாசிப்பயறு. தமிழர் நரிக்குக் கொடுத்ததைத் தெலுங்கர் பூனைக்குக் கொடுத்திருக்கின்றனர். வடமொழி மருத்துவ நூல்கள் இதை 'முத்கபர்ணி' என்கின்றன. பாசிப்பயறின் இலையைப் போன்ற இலையுடையது என்பது அதன் பொருள். சரக சம்ஹிதை கூறும் 'ஜீவனீயம்' என்ற பத்து மருந்துச் சரக்குகளில் முத்கபர்ணியும் ஒன்று. மூன்று மொழிகளிலும் ஒப்புமை பயறோடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் இச்செடியின் உறவைச் சரியாகவே கண்டிருக்கின்றனர்.

ஆனால் இத்தகைய பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பயறு போலத் தோன்றும் காட்டுச் செடி ஒன்றே ஒன்று அன்று. ஆகவே ஒரு வட்டாரத்தில் ஒரு செடியும் மற்றொரு வட்டாரத்தில் வேறொரு செடியும் நரிப்பயறு ஆகின. பசுந்தாள் உரம் பற்றிய வேளாண் குறிப்புகளில் நரிப்பயறு என்பது விக்னா டிரைலோபேட்டா. வேறு சில நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் நரிப்பயறு என்பது விக்னா அகோனிடிஃபோலியா, அதாவது இராசத்தான் போன்ற வறண்ட நிலங்களில் பெருமளவில் பயிராகும் மோத் பயறு. இவ்விரண்டுக்கும் நெருங்கிய மூன்றாவது செடி விக்னா ஸ்டிபுலேசியா. இது நெடுங்காலம் முதற்செடியோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

சென்னைப் பகுதியில் செடி சேகரித்தவர்கள்

பெயரும் செடியும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வேண்டுமானால், உலர்த்திய செடி ஒன்று சான்றாக இருக்க வேண்டும். சென்னையைச் சுற்றி இந்த வேலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரௌன், 1690களில் செடிகளைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார். 1696-இல் கோட்டையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் சேகரித்தவை ஒரு தொகுதியாக அமைந்தன. செடிகளோடு உள்ளூர்ப் பெயர்களையும் பயன்களையும் அவர் குறித்தனுப்பினார். இலண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். பிரௌனுக்குப் பின் எட்வர்ட் பல்க்லி அப்பணியைத் தொடர்ந்தார்.

அடுத்த கட்டம் தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் டேனிஷ் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தார். லின்னேயசின் இருசொற்பெயர் முறையைச் சோழமண்டலக் கரைச் செடிகளுக்குப் பயன்படுத்தும் வழக்கம் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பரவியது. அவர்களில் நமக்கு முக்கியமானவர் யோகான் பீட்டர் ராட்லர் (1749–1836). மதபோதகராக வந்த இவர் செடிகளைச் சேகரித்த தாவரவியலாளர். தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரே மனிதர் ஒரு கையில் சொல்லையும் மறு கையில் செடியையும் வைத்திருந்தது தமிழ்த் தாவரப் பெயர்களின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

இராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட் என்பாருடன் சேர்ந்து 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களின் விளக்கநூல் ஒன்றை வெளியிட்டார். பயறுக் குடும்பம் அதில் அடங்கியது. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காகப் படம் வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. பின்னர் காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915–1936 காலத்தில் வெளிவந்தது. சென்னை நகரையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மயூரநாதன் எழுதிய பூக்கும் தாவரங்கள் பற்றிய நூலை 1929-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. 1980களின் தொடக்கத்தில் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களை விரிவாகத் தொகுத்தார். பென்னலூர்ச் சாலையோரக் கொடி ஒன்றின் பெயரைச் சரிபார்க்க விரும்புவோருக்கு இத்தனை பேரின் உழைப்பு பின்புலமாக இருக்கிறது.

இருபது ஆண்டுகளில் மூன்று பெயர்கள்

நம் மூன்று செடிகளும் ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளுக்குள் மூவரால் பெயர் பெற்றன. சுவீடனின் லின்னேயசு 1767-இல் ஒன்றுக்கு 'டாலிகாஸ் டிரைலோபேட்டஸ்' என்று பெயரிட்டார். மூன்று மடல்களாகப் பிளவுபட்ட சிற்றிலை என்பதே காரணம். ஆஸ்திரியாவின் ஜாக்கின் 1768-இல் மற்றொன்றுக்கு 'ஃபேசியோலஸ் அகோனிடிஃபோலியஸ்' என்று பெயரிட்டார். வசநாவி எனப்படும் அகோனைட் செடியின் இலைபோல் ஆழமாக வெட்டுண்ட இலை என்பது பொருள். பிரான்சின் லமார்க் 1786-இல் மூன்றாவதற்கு 'டாலிகாஸ் ஸ்டிபுலேசியஸ்' என்று பெயரிட்டார். இலையடிச் செதில் எடுப்பாகத் தெரிவது காரணம்.

இந்த மூன்று பெயர்களும் செடியை எங்கே பார்க்க வேண்டும் என்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கின்றன. முதலிரண்டு பெயர்கள் சிற்றிலையின் வடிவத்தைப் பார்க்கச் சொல்கின்றன. மூன்றாவது பெயர் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. அறிவியல் பெயரை உருப்போட வேண்டிய சுமையாக நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொருள் தெரிந்தால் அந்தப் பெயரே அடையாளக் குறிப்பு ஆகும்.

இருப்பினும் பின்வந்த நூலாசிரியர்கள் பலர் லமார்க்கின் செடியைத் தனியாகக் கருதவில்லை. டிரைலோபேட்டாவின் சற்றே பெரிய வடிவம் என எண்ணி, லமார்க் தந்த பெயரை ஒத்தபெயர் வரிசையில் சேர்த்துவிட்டனர். உலர்த்திய கொடியில் மடல்கள் சுருங்கியும் செதில்கள் உதிர்ந்தும் போயிருக்கும். ஆகவே அந்த முடிவு வியப்புக்குரியதும் ஆகாது.

உளுந்தும் பாசிப்பயறும் பெயர் மாறிய கதை

காட்டுச் செடிக்குத்தான் இந்தக் குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் அன்றாடம் உண்ணும் பயறுகளுக்கே இது நேர்ந்தது. 'மூங்' என்பது இந்தியில் பாசிப்பயறின் பெயர். லின்னேயசு 1753-இல் பாசிப்பயறுக்கு 'ஃபேசியோலஸ் ரேடியேட்டஸ்' என்றும், 1767-இல் உளுந்துக்கு 'ஃபேசியோலஸ் முங்கோ' என்றும் பெயரிட்டார். மூங் என்ற பெயர் உளுந்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் இந்தியத் தாவர நூல்கள் பலவற்றில் இது தலைகீழாகி, முங்கோ என்றால் பாசிப்பயறு, ரேடியேட்டஸ் என்றால் உளுந்து என்று எழுதப்பட்டது. அக்காலத்து வேளாண் அறிக்கை ஒன்றில் 'முங்கோ' என்று கண்டால் அது இட்லிக்கு அரைக்கும் உளுந்தா, பொங்கலுக்குப் போடும் பயறா என்பதை முன்பின் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் மற்றொரு மாற்றம் வந்தது. ஃபேசியோலஸ் என்ற பேரினத்தில் அமெரிக்காவில் தோன்றிய பீன்ஸ் வகைகளையும் ஆசியாவின் பயறுகளையும் சேர்த்தே வைத்திருந்தனர். பூவின் அமைப்பு, மகரந்தத் துகள், இலையடிச் செதில் ஆகியவற்றை ஒப்பிட்டபோது இரண்டும் வேறு என்பது தெளிவாயிற்று. ஆசியப் பயறுகள் விக்னா பேரினத்துக்கு மாற்றப்பட்டன. பாசிப்பயறு 1954-இல் விக்னா ரேடியேட்டா ஆனது. உளுந்து 1956-இல் விக்னா முங்கோ ஆனது. நரிப்பயறை 1968-இல் வெர்ட்கோர்ட் விக்னா டிரைலோபேட்டா ஆக்கினார். மோத் பயறு 1969-இல் விக்னா அகோனிடிஃபோலியா ஆனது. விக்னா என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டில் பீசா நகரில் வாழ்ந்த தாவரவியலாளர் டொமினிகோ விக்னாவை நினைவுகூர்வது. பழைய நூலில் ஃபேசியோலஸ் டிரைலோபஸ் என்று கண்டால் அது நம் நரிப்பயறுதான் என்று கொள்ளலாம். ஆனால் லமார்க்கின் செடியும் அதற்குள் ஒளிந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

செடியைக் கையில் எடுத்தால்

அடையாளம் காண்பதை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். முதலில் குடும்பம், அடுத்து பேரினம், பிறகு சிற்றினம்.

குடும்பத்தைப் பூவே சொல்லிவிடும். பூவில் ஐந்து இதழ்கள். மேலே விரிந்து நிற்பது கொடி அல்லி; இரு பக்கங்களில் இருப்பவை சிறகு அல்லிகள்; கீழே இரண்டு இதழ்கள் சேர்ந்து படகு போல் இருப்பது படகு அல்லி. காய் முற்றினால் இரு ஓரங்களிலும் வெடித்து விதையைத் தெறிக்கும். இவ்விரண்டும் இருந்தால் பயறுக் குடும்பத்தின் அவரை வகுப்பு என்று துணியலாம்.

பேரினத்தை அறியப் படகு அல்லியை உற்று நோக்க வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, நரிப்பயறு ஆகியவை விக்னாவின் 'செரட்டோட்ரோபிஸ்' என்ற ஆசியத் துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை. கொம்புள்ள படகு என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இவற்றின் மஞ்சள் பூவில் படகு அல்லி ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். அதன் ஒரு புறத்தில் சிறு கொம்பு போன்ற பை நீட்டிக்கொண்டிருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பள்ளி மாணவரும் காணலாம். இலைக்காம்பின் அடியில் உள்ள செதில், தன் அடி நுனியில் ஒட்டாமல் சற்று மேலே ஒட்டி, கீழ்ப்பக்கமும் நீண்டு நிற்கும்.

சாலையோரத்தில் ஏமாற்றக்கூடிய வெளிநாட்டுச் செடிகளை இந்த நிலையிலேயே நீக்கிவிடலாம். முயல் மசால் என்ற தீவனச் செடிக்கும் மூன்று சிற்றிலைகளும் மஞ்சள் பூவும் உண்டு. ஆனால் அதன் சிற்றிலைகள் குறுகி, மடல் இல்லாமல் கூராக இருக்கும். பூக்கள் இலைகளுக்கிடையே நெருங்கியிருக்கும். சிராட்ரோ என்ற கொடியின் சிற்றிலையில் மடல் உண்டு. ஆனால் பூ கருஞ்சிவப்பு. இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டவை.

இனிச் சிற்றினம். நரிப்பயறு, அதாவது டிரைலோபேட்டா, மெல்லிய தண்டோடு தரையில் படரும். இலைக்காம்பு இலையின் அளவுக்கு மிக நீளமானது. சிற்றிலைகள் சிறியவை, ஒவ்வொன்றும் மூன்று மடல்களாகப் பிளவுபட்டிருக்கும், நடு மடல் நுனியில் அகன்று கரண்டி போல் தோன்றும். பூந்தண்டு இலைகளுக்கு மேலே நீண்டு எழுந்து, நுனியில் சில சிறு மஞ்சள் பூக்களைத் தாங்கும். காய் மெல்லிய உருளை வடிவம். சில சென்டிமீட்டர் நீளம். விதை பாசிப்பயறை விடச் சிறியது.

மோத் பயறு, அதாவது அகோனிடிஃபோலியா, இதிலிருந்து இலையாலேயே வேறுபடும். அதன் சிற்றிலை மூன்று முதல் ஐந்து குறுகிய, கூர்மையான கீற்றுகளாக அடிவரை வெட்டுண்டிருக்கும். தண்டில் மயிர் தெரியும். அது வறண்ட மணற்பாங்கான நிலத்தின் பயிர்.

ஸ்டிபுலேசியாவில் சிற்றிலையின் பிளவு ஆழமில்லை. சில இலைகளில் பிளவே இருக்காது. இலையடிச் செதில் பெரிது. அகன்ற முட்டை வடிவில் முதற்பார்வையிலேயே தெரியும். காயும் விதையும் டிரைலோபேட்டாவை விடப் பெரியவை. ஒரு செடியில் ஓர் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இளம் இலை, முதிர்ந்த இலை, செதில், காய் நான்கையும் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் பார்த்தபோது பென்னலூர்க் கொடி டிரைலோபேட்டாவாக அமைந்தது. நீண்ட காம்பும் கரண்டி மடலும் படத்திலேயே தெளிவாக இருந்தன. என் பழைய அட்டையில் இருந்ததும் அதே செடிதான். அதன் கீழே நான் எழுதியிருந்ததோ மோத் பயறின் பெயர்.

பிரித்தறிந்ததால் வந்த பயன்

பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். விக்னா ஸ்டிபுலேசியாவின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது.

19ஆம் நூற்றாண்டு நூல்கள் ஃபேசியோலஸ் டிரைலோபஸை மாட்டுத் தீவனமாகவும், ஏழைகள் உண்ணும் பயறாகவும் குறிப்பிடுகின்றன. ஆனால் தானாக முளைக்கும் களையும் சிலர் விதைத்து அறுத்த பயிரும் ஒரே பெயரின் கீழ் இருந்தன. தமிழகத்தின் சில இடங்களில் அண்மைக்காலம் வரை 'மின்னிப் பயறு' என்ற பெயரில் ஒரு சிறு பயறு பயிரிடப்பட்டு வந்தது. அது ஸ்டிபுலேசியா. லமார்க் 1786-இல் தனியே கண்ட அதே செடி. ஆசிய விக்னாக்களை ஆராய்ந்த ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் உயிருள்ள செடிகளை அருகருகே வளர்த்து ஒப்பிட்ட பிறகு, அது தனிச் சிற்றினம் என்ற கருத்து மீண்டும் நிலைபெற்றது. டிரைலோபேட்டா என்ற பொதுப்பெயருக்குள் இருந்தவரை, அதைத் தனிப் பயிராக யாரும் தேடவோ விதை காக்கவோ வழியில்லை. களைக்கு விதை வங்கியில் இடம் தேடுவார் யார்?

பிரித்தறிந்த பின் அதன் இயல்புகளும் தெரியவந்தன. விரைவாக வளர்ந்து குறுகிய காலத்தில் பூக்கும். பல பூச்சிகளையும் நோய்களையும் தாங்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், விதைகளுக்கு வேதிமுறையில் சடுதிமாற்றம் உண்டாக்கி, விதையுறக்கம் குறைந்த மூன்று வகைகளையும், காய் வெடிப்பது குறைந்த ஒரு வகையையும் பெற்றதாகத் தெரிவித்தனர். பூச்சிக்கொல்லி இல்லாமல் பயிரிடக்கூடிய ஒரு பயறாக இதை மாற்றலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

விதையுறக்கம், காய் வெடித்தல் ஆகிய இவ்விரண்டு பண்புகளும் ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். காட்டுப் பயறின் விதைத்தோல் கடினமானது. நீரில் ஊறப்போட்டாலும் பெரும்பாலான விதைகள் உப்புவதில்லை. தோல் மெல்லத் தேய்ந்த பிறகு ஒரு மழைக்குச் சிலவும் அடுத்த மழைக்குச் சிலவுமாக முளைக்கும். ஒரு பருவம் பொய்த்தாலும் இனம் அழியாமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் உழவருக்கு எல்லா விதையும் ஒன்றாக முளைக்க வேண்டும். அதுபோலக் காட்டுப் பயறின் காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். உழவருக்கோ விதை காயிலேயே இருந்து களத்துக்கு வர வேண்டும். இவ்விரு பண்புகளும் மாறிய செடிகளையே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்தனர்.

கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் உள்ள புதிய கற்கால ஊர்களை அகழ்ந்தபோது, சுமார் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாசிப்பயறும் கொள்ளும் கரிந்த நிலையில் கிடைத்தன. தென்னிந்தியாவின் பழைய வேளாண்மை சிறுதானியத்தோடு இந்தப் பயறுகளையும் நம்பியிருந்தது என்பது தொல்தாவரவியலார் கருத்து. காட்டில் வெடித்துச் சிதறிய விதையைக் களத்துக்குக் கொண்டுவந்த நீண்ட வரலாறு இது. பயிர் ஆன பயறுகளின் காட்டு உறவினர் இன்றும் நம் வரப்புகளில் இருக்கின்றனர். மஞ்சள் தேமல் நோய் போன்ற ஒன்று உளுந்தையும் பாசிப்பயறையும் தாக்கும்போது, எதிர்ப்புத் திறனைத் தேடிப் பயிர் ஆய்வாளர்கள் இந்த உறவினரிடமே வருகின்றனர். அப்போது கையில் இருப்பது எந்தச் சிற்றினம் என்பது தெரியாவிட்டால் ஆய்வு முழுவதும் வீணாகும்.

பென்னலூர்ப் பகுதியில் இன்று

நரிப்பயறுக்கு ஏற்ற இடம் ஏரிப்பாசன ஊர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நெல் விளைந்து, அறுவடை முடிந்த வயலில் எஞ்சிய ஈரத்தில் அது படரும். ஆடுமாடுகள் மேயும். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியங்கள் காற்றின் நைட்ரசனை மண்ணில் சேர்க்கும். அடுத்த உழவில் மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். இதனால்தான் இச்செடியை உழவர்கள் முற்றிலும் களை என்று ஒதுக்கவில்லை.

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் இப்பகுதியின் நில அமைப்பு விரைவாக மாறியது. பல ஆயிரம் குடும்பங்களுக்கு இதனால் வேலை கிடைத்தது. எனக்குப் படம் அனுப்பிய மாணவரும் அவர்களில் ஒருவர். அதே சமயம் நெல் தரிசு குறைந்தது, மேய்ச்சல் குறைந்தது. வயலில் இருந்த நரிப்பயறு சாலையோரத்துக்கும் மதிற்சுவர் ஓரத்துக்கும் காலி மனைக்கும் இடம் மாறியிருக்கிறது. அங்கே அதற்குப் போட்டியாக முன்சொன்ன வெளிநாட்டுச் செடிகளும் வளர்கின்றன. இந்நிலையில் எது நம் மண்ணின் செடி, எது வந்தேறிய செடி என்பதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இருப்பது நல்லது.

மாணவர்களுக்கு

ஒரு செடியைக் கண்டால் முதலில் ஊரார் சொல்லும் பெயரை, அவர்கள் ஒலிக்கும்படியே எழுதிக்கொள்ளுங்கள். அது வழிகாட்டி, ஆனால் அதுவே முடிவு ஆகாது. அடுத்து இடம், நாள், மண், செடியின் கிடக்கை, பூவின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பின் நிறம் மாறிவிடும். இலை, செதில், பூ, காய் ஆகியவை தெரியும்படி தனித்தனியே படம் எடுங்கள். அருகில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். செடி மிகுதியாக இருந்தால் மட்டும் ஒன்றை எடுத்துச் செய்தித்தாளுக்கு இடையே வைத்து உலர்த்துங்கள். பிறகு நூலைத் திறவுங்கள். கைப்பேசிச் செயலி ஒரு பெயர் சொன்னால் அதையும் நூலின் விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் 'விக்னா' என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது, தவறான முழுப்பெயர் எழுதுவதை விட மேலானது.

நான் எழுதிய பெயர்ச்சீட்டை இப்போது திருத்த இயலாது; அந்த அட்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஆனால் மாணவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை எழுதியனுப்பிவிட்டேன்: "நரிப்பயறு, விக்னா டிரைலோபேட்டா. நடு மடல் கரண்டி போல் இருக்கிறதா, இலையடிச் செதில் எவ்வளவு பெரியது என்று நேரில் ஒருமுறை பார்த்துச் சொல்." மறுநாள் பணி முடிந்து வரும்போது அவர் பார்த்துவிட்டுச் சொன்னார். செடி அதே இடத்தில் இருந்தது. இரண்டு காய்கள் வெடித்திருந்தன.